படத்தில் இருப்பது எந்த லாரி? காரைக்கால் நினைவும் பிரெஞ்சுக் கமியோன்களும்

1

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவரைக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் சொல்தா என்றுதான் சொல்வோம். அந்த வீட்டுக் கூடத்தில், மெடல்கள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு மேலே, ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தொங்கும். ஒரு லாரி, அதன் முன்னால் ஐந்து பேர். நாலு பேர் நம்மாட்கள், ஒருவர் வெள்ளைக்காரர். வலது ஓரத்தில் மட்கார்டு மேல் கை வைத்துக்கொண்டு நிற்பவர்தான் தாத்தா. எனக்கு ரத்த உறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் தாத்தா.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பாரிஸ் பக்கம் குடியேறிவிட்ட அவருடைய பேத்தி போன வருஷம் ஊருக்கு வந்தபோது என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே பழைய படங்களைக் காட்சிக்கு வைக்கிறார்களாம். "அண்ணே, நீங்க எழுதுறவங்க. படத்துக்குக் கீழ நாலு வரி எழுதிக் குடுங்க. இது பெர்லியே கமியோன், இந்தோசீனாவுல தாத்தா ஓட்டுனது. அத மட்டும் மறக்காமப் போடுங்க" என்றார்.

கமியோன் என்றால் பிரெஞ்சில் லாரி. பெர்லியே என்பது லியோன் நகரத்து லாரிக் கம்பெனி. நாலு வரி எழுத உட்கார்ந்தவன் நாலு மாசம் அந்த லாரியோடு கிடந்தேன். பழைய பொருள் ஒன்றை 'அடையாளம் காண்பது' என்கிற சாதுவான காரியத்துக்குள் யாருடைய நினைவு வேலை செய்கிறது, யாருடைய நினைவு வெளியே தள்ளப்படுகிறது என்ற கேள்வியில் அது என்னைக் கொண்டுபோய் விட்டது. அந்தக் கேள்வியை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

பழைய லாரியை இன்னது என்று கண்டுசொல்வதற்குப் பிரான்சில் ஒரு முறையியலே இருக்கிறது. முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள். ரேடியேட்டர் சட்டம் எந்த வடிவம், பானெட் எவ்வளவு நீளம், விளக்குகள் மட்கார்டுக்கு மேலே நிற்கின்றனவா உள்ளே பதிந்திருக்கின்றனவா, முன்கண்ணாடி ஒன்றா இரண்டா. அடுத்தது முத்திரை. பெர்லியேக்கு ஒரு ரயில் எஞ்சினின் முன்முகம். அமெரிக்க ரயில் எஞ்சின் கம்பெனி ஒன்று பெர்லியே கார்களைச் செய்ய 1905-ல் உரிமம் வாங்கியதை நினைவுபடுத்துவது அது. ரெனோவுக்கு வைரக்கட்டம். சித்ரோயனுக்குக் கவிழ்த்துப்போட்ட இரண்டு 'வி'. கடைசியாகக் கதவிலும் தார்ப்பாயிலும் எழுதியிருக்கும் போக்குவரத்துக் கம்பெனியின் பெயர். 1904-ல் லெ ஆவ்ர் துறைமுகத்தில் தொடங்கிய கல்பெர்சோன் மாதிரிப் பெயர்கள் அங்கே ஒரு தலைமுறையின் சாலை நினைவாகவே ஆகியிருக்கின்றன. லாரி டிரைவராக ழான் கபேன் நடித்த 'காஸ்-ஆயில்' என்ற 1955ஆம் வருஷத்துப் படத்தை இன்றைக்கும் அதில் வரும் வில்லேம் லாரிக்காகவே பார்க்கிறவர்கள் உண்டு.

இந்த முறைப்படி தாத்தாவின் படத்தைப் பார்த்தேன். சட்டத்திலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் 1953 என்று இருந்தது. முன்பக்கம் செங்குத்தான இரும்புக் கம்பிகள் வைத்த காப்புச் சட்டம். தட்டை மட்கார்டு. பின்னால் இரட்டை அச்சு. முன்னால் ரெண்டு, பின்னால் எட்டு, ஆகப் பத்து டயர். ரயில் எஞ்சின் முத்திரை எங்கேயும் இல்லை. பானெட் பக்கவாட்டில் மங்கலாக மூன்று ஆங்கில எழுத்து. சந்தேகமே இல்லை. அது ஜி.எம்.சி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேலே செய்து குவித்த இரண்டரை டன் ராணுவ லாரி. பிரான்சின் கைக்கு அது போரின்போது வந்தது. போருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பிரெஞ்சு ராணுவம் அதை ஓட்டிக்கொண்டிருந்தது. 1950க்குப் பிறகு இந்தோசீனப் போரே பெருமளவு அமெரிக்கப் பணத்தில்தான் நடந்தது.

ஆக, தாத்தாவின் லாரி பெர்லியே இல்லை. பிரெஞ்சு லாரியே இல்லை.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு சின்னக் குஷி வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். துப்பறிகிறவனின் குஷி. அப்புறம்தான் உறைத்தது. தாத்தா உயிரோடு இருந்தபோது, 90களில், நானே அவரிடம் கேட்டிருக்கிறேன்: "தாத்தா, இது என்ன லாரி?" அவர் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறது. "கமியோன் தம்பி. அதுக்கு என்ன பேரு வேண்டிக்கெடக்கு? ஏத்துனதக் கேளு, சொல்றேன்." நான் கேட்கவில்லை. பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

3

அப்படியானால் 'பெர்லியே' என்ற பெயர் அந்தக் குடும்பத்துக்குள் எப்படி வந்தது? யாரும் பொய் சொல்லவில்லை. பிரான்சுக்குக் குடிபோன ஒரு காரைக்கால் குடும்பத்துக்கு, தங்கள் தாத்தா அந்த தேசத்தின் வரலாற்றுக்குள் இருந்தார் என்று காட்ட ஒரு கைப்பிடி தேவைப்படுகிறது. பெர்லியே அப்படி ஒரு கைப்பிடி. 1916-ல் வெர்தன் போர்முனைக்கு பார்-லெ-துய்க் ஊரிலிருந்து போன ஒற்றைச் சாலையில், உச்ச நேரத்தில் 14 விநாடிக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் லாரிகள் போயின. அவற்றில் பெர்லியேயின் 'சி.பி.ஏ.' லாரிகள் புகழ்பெற்றவை. அந்தச் சாலைக்குப் 'புனிதப் பாதை' என்று பின்னால் பெயர் வைத்தார்கள். ஒரு தேசம் தன்னைக் காப்பாற்றிய கதையை லாரியில் ஏற்றிச் சொல்லியது.

ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பெயருக்குள்ளேயே விரிசல்கள் தெரிகின்றன. முதல் உலகப் போரின் வாகனப் பிரிவில் ஸ்டீயரிங் பிடித்தவர்களில் வியத்நாமிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் கணிசமாக இருந்தார்கள். புனிதக் கதையில் அவர்களுக்கு இடம் குறைவு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்ததும் 1944 செப்டம்பரில், எதிரிக்கு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் மரியூஸ் பெர்லியே கைதானார். 1949 வரை லியோன் தொழிற்சாலை முதலாளி இல்லாமல், தொழிலாளர் குழுக்களின் பங்கேற்போடு நடந்தது. அதே குற்றச்சாட்டில் லூயி ரெனோ சிறைப்பட்டு இறந்தார். 1945 ஜனவரியில் ரெனோ தேசியமயமானது. அதற்குப் பிறகு வந்தது மூலதனம் குவிகிற கதை. 1955-ல் லதில், சொமுவா, ரெனோவின் லாரிப் பிரிவு மூன்றும் சேர்ந்து சவியெம் ஆயின. 1967-ல் பெர்லியே சித்ரோயனுக்குக் கீழே போனது. 1974-ல் ரெனோவுக்குக் கைமாறியது. 1980-ல் அந்தப் பெயரே வண்டிகளில் இருந்து போய்விட்டது. 2001-ல் ரெனோவின் லாரிகளும் வோல்வோவிடம் போயின. 1982-ல் லியோனில் தொடங்கிய பெர்லியே அறக்கட்டளை பழைய வண்டிகளையும் ஆவணங்களையும் பாதுகாக்கிறது. தொழிற்சாலையில் பெயர் செத்த பிறகு அருங்காட்சியகத்தில் உயிர் பெறுகிறது. நினைவுகூர்தல் என்பதற்கும் சந்தைக்கும் உள்ள உறவை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ரோலான் பார்த் ஞாபகம் வருகிறார். 1957-ல் வந்த அவருடைய 'மித்தாலஜீஸ்' நூலில் சித்ரோயன் டி.எஸ். காரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அதே நூலின் கடைசிப் பகுதியில், முடிவெட்டும் கடையில் அவர் கையில் கிடைத்த ஒரு பத்திரிகையின் அட்டைப்படம் வருகிறது: பிரெஞ்சு ராணுவ உடையில் சல்யூட் அடிக்கும் ஒரு கறுப்பின இளைஞன். அந்தப் படம் சாம்ராஜ்யத்தை எப்படி இயற்கையான ஒன்றாக ஆக்குகிறது என்று அவர் பிரித்துக் காட்டியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஒரே நூலில் காரும் இருக்கிறது, காலனிச் சிப்பாயும் இருக்கிறான். ரெண்டையும் இணைப்பது எதுவோ அது இல்லை. சல்யூட் அடித்த இளைஞன் படம் எடுத்து முடிந்ததும் எதில் ஏறிப் போனான்? லாரியில்தான். அந்த லாரி எங்கே போனது? நம் தாத்தாவின் படம் தொடங்குவது அந்த இடத்திலிருந்துதான்.

4

காரைக்காலுக்கு வருவோம். 1739-ல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்ற இந்த ஊர், சுமார் 160 சதுர கிலோமீட்டர் வயலும் வாய்க்காலும் கடற்கரையும். சுற்றிலும் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா. இங்கே 'பிரெஞ்சு லாரி' ஓடியதா என்று வயசானவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். அவர்கள் வாயில் வந்த பெயர்கள் ஃபோர்டு, செவர்லே, பெட்போர்டு, ஃபார்கோ. பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஓடிய கரி பஸ். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரில் சாலையை ஆண்டது டெல்டாவின் மோட்டார் முதலாளிகள்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொறையாறில் சத்தி விலாஸ் நடத்திய வீரப்பா பிள்ளைக்கும் கும்பகோணம் ராமன் அண்ட் ராமன் கம்பெனிக்கும் ஐந்து பஸ்களின் பெர்மிட்டை வைத்து நடந்த வழக்கு 1952-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு எல்லை எது என்று சொல்லும் தீர்ப்பாக அதை வக்கீல்கள் இன்றும் காட்டுகிறார்கள். முதலாளியின் மோட்டாருக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு இடம் கிடைத்துவிட்டது. அந்த வண்டிகளின் கிளீனருக்கும் லோடுமேனுக்கும் எந்தப் புத்தகத்திலும் இடமில்லை.

பிரெஞ்சு முறையியல் நம்மூரில் செல்லாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பக்கத்தில் கம்பெனி தந்தது பெரும்பாலும் சேஸ் மட்டும். அதாவது எஞ்சின், சட்டம், சக்கரம். கேபினும் பாடியும் பட்டறையில் ஆசாரி மரத்தில் கட்டியது. 1954-ல் டாட்டா-மெர்சிடிஸ் பென்ஸ் லாரியும், 1955-லிருந்து அசோக் லேலண்டும் வந்த பிறகும் இதுதான் வழக்கம். லாரிக்கு முகம் கொடுத்தது லியோனோ டெட்ராய்ட்டோ கிடையாது. நாமக்கல் பக்கத்து ஆசாரியும் பெயிண்டரும்தான். ஆகவே முகத்தைப் பார்த்துக் கம்பெனியைக் கண்டுபிடிக்கிற வித்தை இங்கே பாதியில் நின்றுவிடும். எங்கள் அப்பாவைக் கேட்டால் வண்டிக்கு முதலாளி பெயரைச் சொல்வார், நெற்றியில் எழுதின சாமி பெயரைச் சொல்வார். அதற்கு மேல் அவர் சொல்வது மூட்டைக் கணக்கு. எத்தனை சிப்பம் ஏறும், எந்த வண்டியின் பின்பலகை ஒரு சாண் உயரம் அதிகம், எதில் ஏற்றினால் முதுகு போகும். அப்பா நாற்பது வருஷம் ஒரு லாரி செட்டில் லோடுமேன். அவருடைய அடையாளம் காணும் முறை முதுகெலும்பில் இருந்தது. அதுவும் ஒரு அறிவு முறைதான் என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

அப்படியானால் பிரெஞ்சு ஆட்சிக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் இங்கே என்னதான் சம்பந்தம்? இரண்டு சம்பந்தம். ஒன்று எல்லை. 1898-ல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒன்றியம் ஏற்பட்டது. 1949-ல் அது முடிந்தது. முடிந்ததும் வயல் வரப்பெல்லாம் சுங்க எல்லையாகிவிட்டது. லாரி போக முடியாத இடத்தில் தலைச்சுமை போனது. கடத்தல் என்று நாம் கதை கதையாகக் கேட்டிருக்கிற அந்தக் காலத்தில், தங்கமும் கடிகாரமும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன, ராத்திரியில் வாய்க்காலில் இறங்கி நடந்தது யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சம்பந்தம் ஆள். பிரான்ஸ் இங்கிருந்து ஏற்றுமதி செய்த முக்கியமான சரக்குகளில் ஒன்று மனிதர்கள். 1853-லேயே ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'ஒரேலி' கப்பல் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. 1861ஆம் வருஷத்து ஆங்கிலோ-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பிறகு புதுச்சேரியும் காரைக்காலும் ரெயூனியோனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஆள் ஏற்றும் துறைகளாக இருந்தன. கூலி ஏற்றுமதி ஓய்ந்த பிறகு சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் போனார்கள். அவர்களைச் சைகோனுக்குக் கொண்டுபோன கப்பல் கம்பெனியின் பெயரைத் தாத்தா "மெஸாழெரி" என்பார். மெஸாழெரி மரித்தீம். பிரான்சில் குதிரை வண்டியில் பயணிகளையும் பார்சலையும் கொண்டுபோய்க்கொண்டிருந்த கம்பெனி, 1851-ல் கப்பலுக்கு மாறியது. சாலைப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றுதான் சாம்ராஜ்யத்தின் கப்பலாகி நம்மூர் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. 'பிரெஞ்சு ஹாலேஜ் கம்பெனி' என்று காரைக்கால் நினைவில் ஒன்று இருக்குமானால் அது இதுதான்.

5

தாத்தா ஏன் போனார்? அவருடைய அப்பா பண்ணையாள். கொட்டுச்சேரிப் பக்கம் ஒரு மிராசுதாரின் களத்திலிருந்து நெல் மூட்டை தூக்கி மாட்டு வண்டியில் ஏற்றுவது வேலை. தாத்தாவும் பத்து வயசில் அதே களத்தில் நின்றார். "எங்கப்பன் மூட்டையத் தூக்கி வண்டியில வைக்கலாம். வண்டியில ஒக்காரக் கூடாது" என்றார் ஒருதரம். இந்த ஒரு வாக்கியத்தில் டெல்டாவின் போக்குவரத்து வரலாறு முழுக்க இருக்கிறது.

1881ஆம் வருஷத்து ஆணை ஒன்று, சாதி சமய வழக்கச் சட்டங்களைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரவும், புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது. 'ரெனோன்சான்' என்று பெயர்பெற்ற இவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். உயர்சாதிப் புதுச்சேரி அதை எதிர்த்ததும் வரலாறு. தாத்தாவின் குடும்பம் அப்படி மாறிய ஒன்று. இந்த மண்ணில் வண்டியில் உட்கார முடியாதவனுக்கு, காலனி ராணுவம் ஸ்டீயரிங்கையே கையில் கொடுத்தது. வெள்ளைக்கார சார்ஜன்ட் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் படத்தில் மட்கார்டு மேல் தாத்தா கை வைத்திருக்கிற விதத்தைப் பாருங்கள். பொருளைத் தொட உரிமை கிடைத்தவனின் கை அது. தேசியம் பேசுகிற நம் தோழர்கள் சொல்தாக்களை 'ஏகாதிபத்தியத்தின் கூலிப்படை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கையை அவர்கள் பார்ப்பதில்லை.

ஆனால் நானும் அங்கேயே நின்றுவிட முடியாது. தாத்தா சாவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், கேட்காமலே, அவரே சொன்னார். நான் எழுதிவைத்திருந்ததை அப்படியே தருகிறேன்.

"என்ன ஏத்துனன்னு கேட்டியா நீ? கேக்கல. நெல்லு. ஆளயும் ஏத்துனோம், குண்டும் ஏத்துனோம், எல்லாந்தான். ஆனா ரொம்ப ஏத்துனது நெல்லும் அரிசியும். டோங்க்கின் டெல்டான்னு சொல்லுவான். போயிப் பாத்தா நம்மூரு மாதிரியே வயலு, வாய்க்கா, கரையெல்லாம் மரம். ஊருக்குள்ள பூந்து, வியத்மின்காரனுக்குப் போயிடும்னு சொல்லி, இருக்குற நெல்லெல்லாம் அள்ளு. அள்ளி கமியோன்ல போடு. ஒரு கெழவி மூட்டையப் புடிச்சுக்கிட்டு உடமாட்டேங்குறா. எங்க ஆத்தா மாதிரியே இருந்தா தம்பி. வண்டிய எடுன்னான். எடுத்துட்டன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

சிவப்பு ஆற்றுச் சமவெளியில் நெல்லுக்காகவே ஒரு போர் நடந்தது என்பது வரலாற்றுப் புத்தகங்களில் இருப்பதுதான். விவசாயிகளிடமிருந்து அரிசி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் இரண்டு தரப்புக்கும் கேள்வி. ஒரு டெல்டாவில் மிராசுதாரின் நெல்லைச் சுமந்தவனின் மகன், இன்னொரு டெல்டாவில் குடியானவளின் நெல்லைப் பறித்து லாரியில் ஏற்றினான். சாதியிலிருந்து தப்பித்த அதே வண்டிதான் இன்னொருத்தியின் களத்துக்குள் போனது. விடுதலையும் ஒடுக்குமுறையும் ஒரே சக்கரத்தில் ஓடின. இதைத் துரோகம் என்றோ தியாகம் என்றோ ஒரு சொல்லில் அடக்க எனக்குத் தைரியமில்லை.

எதிர்த்தரப்பின் போக்குவரத்தையும் சொல்லியாக வேண்டும். 1954-ல் தியென் பியன் ஃபூ முற்றுகைக்குச் சோவியத் மொலோட்டோவா லாரிகளோடு சேர்ந்து பல்லாயிரக்கணக்கான சைக்கிள்கள் மலையேறின. அவற்றில் பல பிரெஞ்சுத் தயாரிப்பான பெழோ சைக்கிள்கள். ஹாண்டில்பாரில் மூங்கில் கட்டி நீட்டி, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே, ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் அரிசி கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரர் அமெரிக்க லாரியில் வந்தார். வியத்நாமியர் பிரெஞ்சு சைக்கிளில் வந்து ஜெயித்தார். எந்த நாட்டு வண்டி என்ற கேள்வியால் இதைப் புரிந்துகொள்ளவே முடியாது. யார் தள்ளினார்கள், எதற்காகத் தள்ளினார்கள் என்று கேட்டால் புரிகிறது.

மே 7 அன்று தியென் பியன் ஃபூ விழுந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். 1954 நவம்பர் 1 அன்று காரைக்கால் உட்பட பிரெஞ்சு இந்தியாவின் நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் தொடங்கியது. தாத்தா கொடியேற்றத்துக்கு ஊரில் இல்லை. சைகோனிலிருந்து அல்ஜீரியாவுக்குப் போய்விட்டார். அங்கேதான் அவர் நிஜமாகவே பெர்லியே ஓட்டினார். போர் நடக்கும்போதே, 1950களின் கடைசியில், அல்ஜியர்ஸ் பக்கத்து ருய்பாவில் பெர்லியே ஒரு தொழிற்சாலையும் திறந்தது. ஆக, குடும்பத்தின் நினைவு முழுக்கத் தப்பில்லை. பெயர் சரி, படம்தான் வேறு போரின் படம். அல்ஜீரியாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் காலத்துப் படமும் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

6

1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நடந்தபோது, ஆறு மாத அவகாசத்துக்குள் சுமார் 5000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இப்போது படங்களைத் தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், இங்கே 'பிரெஞ்சுப் பாரம்பரியம்' என்பது சுற்றுலாச் சரக்காகிவிட்டது. புதுச்சேரியில் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும், ஹோட்டல் வாசலில் பழைய கார் ஒன்றும். காரைக்காலுக்கு அந்தச் சுவரும் இல்லை. நாமும் ஒரு பழைய லாரியைத் துடைத்து நிறுத்திவைத்தால் வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நிறுத்தலாம். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுச் சரக்கை இறக்கிவிடுகிற நினைவுதான் பாரம்பரியம் என்ற பெயரில் வருகிறது. அதில் எனக்குச் சம்மதமில்லை.

பழைய லாரியை அடையாளம் காணும் பிரெஞ்சு முறையை நான் கேலி செய்யவில்லை. அது இல்லாவிட்டால் எனக்கு ஜி.எம்.சி. தெரிந்திருக்காது; ஜி.எம்.சி. தெரிந்திருக்காவிட்டால் அந்தப் போருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் போயிருக்க மாட்டேன். அந்த முறையோடு எங்கள் அப்பாவின் முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். என்ன ஏற்றினார்கள்? ஏற்றிய முதுகு யாருடையது? யாருடைய களத்திலிருந்து ஏற்றினார்கள்? முத்திரைக்கும் ரேடியேட்டருக்கும் அடுத்தபடியாக இந்த மூன்றையும் கேட்டால், லாரி அருங்காட்சியகத்திலிருந்து மறுபடியும் சாலைக்கு வரும்.

சாலையில் அது இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1980களில் நின்றுபோன பேரளம் பாதையை அகலப்பாதையாகப் போட்டுவிட்டார்கள். 2009-ல் வாஞ்சூரில் துறைமுகம் வந்ததிலிருந்து நிலக்கரி வந்து இறங்குகிறது. தாத்தாவை ஏற்றிப்போன மெஸாழெரி மரித்தீம் 1977-ல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து சி.ஜி.எம். ஆனது, 1996-ல் அதை சி.எம்.ஏ. என்ற மார்செய் கம்பெனி வாங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் லேலண்ட் டிரெய்லர் ஒன்று 'சி.எம்.ஏ. சி.ஜி.எம்.' என்று எழுதிய நீலப் பெட்டியோடு போவதைப் பார்த்தால் நான் நின்று பார்ப்பேன். பெட்டி பூட்டியிருக்கும். லோடுமேன் கிடையாது, கிரேன்தான். உள்ளே என்ன என்று டிரைவருக்கே தெரியாது.

பேத்திக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன். "ஜி.எம்.சி. லாரி, அமெரிக்காவில் செய்தது. 1953, டோங்க்கின் டெல்டா. ஓட்டியவர் காரைக்கால் பண்ணையாள் ஒருவரின் மகன். ஏற்றியது நெல்." அவர் இரண்டு தரம் படித்தார். பெர்லியே இல்லை என்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நெல்லா? யாரு நெல்லு அண்ணே?" என்றார்.

உட்காரச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தேன்.